பெரம்பூர் நாட்குறிப்பு: தனிமையில் ஒரு வீடு

ஜூன் 11, 2020

என் கணவருடைய அலுவலகத்தில் பக்கத்து மேசைக்காரருக்குக் கொரோனா பாசிட்டிவ். இரண்டு பேரும் கடைசியாகச் சேர்ந்து சாப்பிட்டது 9ஆம் தேதி. சாயங்காலமே மாநகராட்சியிலிருந்து போன் வந்துவிட்டது. ஒரு மீட்டருக்குள் உட்கார்ந்திருந்தீர்களா, வீட்டில் யார் யார், யாருக்காவது சர்க்கரை, பிரஷர் உண்டா? அத்தைக்குச் சர்க்கரை இருக்கிறது. அதனால் இவர் உள்ளறையில். தட்டு, டம்ளர், வாளி எல்லாம் தனி. கழிவறை ஒன்றுதான். இவர் போய்வந்த பிறகு ஒவ்வொரு தடவையும் பிளீச்சிங் பவுடர் போட்டுக் கழுவுகிறேன்.

ஜூன் 12

வாசலில் ஸ்டிக்கர் ஒட்டிவிட்டார்கள். 23ஆம் தேதி வரை யாரும் வெளியே போகக் கூடாது. ஜிங்க், வைட்டமின் மாத்திரைகளும் கபசுரக் குடிநீர்ப் பொடியும் கொடுத்தார்கள். வந்தவர்கள் மரியாதையாகத்தான் பேசினார்கள். ஆனால் ஸ்டிக்கரைப் பார்த்த மாடி வீட்டுக்காரர்கள், நம் வீட்டிலும் அவர்கள் வீட்டிலும் வேலை செய்யும் அக்காவை உடனே நிறுத்திவிட்டார்கள். அவர் இந்த வாரம் இங்கே வரவே இல்லை. விதிப்படி அவர் தொடர்பில் இருந்தவரே கிடையாது, பரிசோதனையும் தேவையில்லை. இருந்தும் சம்பளம் போனது அவருக்கு. கேட்டதும் வயிறு எரிந்தது.

ஜூன் 13

"காசு போனால் போகட்டும், தனியார் லேபில் இன்றைக்கே எடுத்துவிடலாம்" என்கிறார் கொழுந்தனார். அரசு இப்போது 3,000 ரூபாய் என்று நிர்ணயித்திருக்கிறது. நான் வேண்டாம் என்றேன். அறிகுறி இல்லாத நெருங்கிய தொடர்புகளுக்கு ஐந்தாம் நாளுக்கும் பத்தாம் நாளுக்கும் நடுவில் ஒரு முறை எடுக்க வேண்டும் என்பது இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சில் (ஐசிஎம்ஆர்) மே மாதம் சொன்ன விதி. அதற்குக் காரணம் இருக்கிறது. கிருமி உள்ளே போன மறுநாளே மூக்கிலும் தொண்டையிலும் பிடிபடுகிற அளவுக்குப் பெருகியிருக்காது. அவசரப்பட்டு எடுத்து நெகட்டிவ் வந்தால், அந்தத் தைரியத்தில் இவர் கூடத்துக்கு வந்து அத்தை பக்கத்தில் உட்கார்ந்துவிடுவார். அதை நினைத்தால்தான் எனக்குப் பயம்.

ஜூன் 16

இவருக்குத் தொண்டையிலும் மூக்கிலும் மாதிரி எடுத்தார்கள். இந்த வெயிலில் தலையிலிருந்து கால்வரை கவச உடையோடு நிற்கிற அந்தப் பெண்ணுக்கு ஒரு வாய் தண்ணீர்கூடக் கொடுக்க முடியவில்லை.

ஜூன் 18

நெகட்டிவ்! அப்பாடா.

"அதான் ஒன்றுமில்லை என்று வந்துவிட்டதே, பிள்ளையை வெளியே விடு" என்று அத்தை காலையிலிருந்து கேட்கிறார். அவரிடம் பொறுமையாகச் சொன்னேன். "அத்தை, மாதிரி எடுத்த அன்றைக்கு இல்லை என்றுதான் அதற்கு அர்த்தம். இந்தக் கிருமி வெளியே தெரிய பதினான்கு நாள்கூட ஆகலாம். 23ஆம் தேதி வரை அவர் உள்ளேயே இருக்கட்டும்." இந்த ஒரு விஷயத்தைத் தெருத்தெருவாக மைக் வைத்துச் சொல்ல வேண்டும். நெகட்டிவ் வந்தாலும் தனிமை முடிவதில்லை. நம் தெருவில் பாதிப் பேருக்கு இது தெரியாது.

ஜூன் 19

இன்றிலிருந்து 30 வரை சென்னையில் மறுபடி முழு ஊரடங்கு. மளிகை, காய்கறிக் கடைகள் மதியம் 2 மணி வரைதான். ஞாயிற்றுக்கிழமைகளில் அதுவும் கிடையாது. நாங்களோ கடை திறந்திருந்தாலும் போக முடியாதவர்கள். தன்னார்வலராக வரும் கல்லூரிப் பையன் தினமும் போன் செய்து காய்ச்சல் உண்டா, மருந்து வேண்டுமா என்று விசாரிக்கிறான். அத்தையின் மாத்திரையை அவன்தான் வாங்கி வந்து கேட்டில் மாட்டிவிட்டுப் போனான். அவன் இல்லாவிட்டால் யாராவது ஒருவர் விதியை மீறி வெளியே போயிருப்போம். வீட்டைப் பூட்டச் சொல்கிற அரசு பாலையும் மருந்தையும் கூலியையும் சேர்த்தே யோசிக்க வேண்டும். எங்களுக்கு மாதச் சம்பளம் வருகிறது. அன்றாடம் கூலி வாங்கும் ஆள் சாப்பாட்டுக்கு என்ன செய்வார்?

ஜூன் 24

நேற்றோடு முடிந்தது. யாருக்கும் காய்ச்சல் இல்லை. அக்காவுக்கு இந்த மாதச் சம்பளத்தை முழுசாக அனுப்பிவிட்டேன். மாடி வீட்டிலும் போய்ப் பேசினேன். "பார்க்கலாம்" என்றார்கள்.

டிசம்பர் 9, 2020

பேரிடர் மேலாண்மைச் சட்டத்தின் கீழ் உரிய அதிகாரி உத்தரவிட்டால் தவிர, கோவிட் நோயாளிகள் வீட்டு வாசலில் போஸ்டர் ஒட்டக் கூடாது என்று உச்ச நீதிமன்றம் இன்று சொல்லியிருக்கிறது. நான் இதை முழு மனதோடு வரவேற்கிறேன். ஸ்டிக்கருக்குப் பயந்து காய்ச்சலை மறைத்தவர்களை இந்தத் தெருவிலேயே பார்த்தேன். பரிசோதனைக்கு வரத் தயங்குகிறவரிடம் எந்த விதியும் போய்ச் சேராது. மாடி வீட்டில் அக்காவை இன்னும் கூப்பிடவில்லை. நாளை மறுபடி போய்க் கேட்கப் போகிறேன்.