மூழ்குமா, மிதக்குமா, மிஸ் முகம் என்ன சொல்கிறது?

இரண்டாம் வகுப்புக் குழந்தைகளுக்கு மூழ்கும் பொருள்களையும் மிதக்கும் பொருள்களையும் பற்றிப் பாடம் நடத்த, ஒரு வாளித் தண்ணீரும் கைக்குக் கிடைத்த நாலைந்து பொருள்களும் இருந்தால் போதும் என்றுதான் எல்லோரும் சொல்வார்கள். தரை துடைக்க ஒரு துணியும், நனைந்த சட்டைகளுக்கு மாற்றுச் சட்டைகளும் தேவைப்படும் என்பதை மட்டும் யாரும் சொல்வதில்லை.

பொருளைத் தண்ணீரில் போடுவதற்கு முன் குழந்தைகளை ஊகிக்கச் சொல்ல வேண்டும் என்பது முறை. அதன்படி ஓர் இரும்பு ஆணியைத் தூக்கிக் காட்டி, "இது மூழ்குமா, மிதக்குமா?" என்று கேட்டேன். "மூழ்கும்!" என்று வகுப்பே அதிர்ந்தது. சரியான விடைதான் என்றாலும், காரணத்தையும் வரவழைக்கலாம் என்று, "நல்லா யோசிச்சுச் சொல்லுங்க, மூழ்குமா?" என்று மீண்டும் கேட்டேன். அனைவரும் என் முகத்தை ஒரு கணம் ஆராய்ந்துவிட்டு, முன்பைவிட உரத்த குரலில், "மிதக்கும்!" என்றார்கள். ஆணி மட்டும் கட்சி மாறாமல் நேராக வாளியின் அடிக்குப் போய்ச் சேர்ந்தது.

இதில் குழந்தைகளைக் குறை சொல்ல இடமில்லை. சுவிட்சர்லாந்து உளவியலாளர் பியாஜே, இரண்டு வரிசைகளில் சம எண்ணிக்கையில் வில்லைகளை அடுக்கிக் காட்டிக் கேள்வி கேட்டு, பிறகு ஒரு வரிசையை மட்டும் நீட்டிவைத்து அதே கேள்வியை மீண்டும் கேட்டபோது, சிறு குழந்தைகள் பலர் நீளமான வரிசையில்தான் அதிகம் இருக்கிறது என்றார்கள். 1974ஆம் ஆண்டில் ரோஸ், பிளாங்க் என்ற இரு ஆய்வாளர்கள், முதல் கேள்வியை விட்டுவிட்டு இரண்டாவதை மட்டும் கேட்டுப் பார்த்தபோது தவறுகள் குறைந்தன. பெரியவர் ஒருவர் கேட்டதையே திரும்பக் கேட்டால், முதலில் சொன்னது அவருக்குப் பிடிக்கவில்லை என்றுதானே பொருள்! நான் வாளியை வைத்துச் சோதனை செய்துகொண்டிருக்க, எதிரே உட்கார்ந்திருந்தவர்கள் என்னை வைத்துச் செய்துகொண்டிருந்தார்கள்.

ஆகவே முகத்தை வாளியின் பக்கமே திருப்பி வைத்துக்கொண்டு, ஒரே ஒரு முறை கேட்பது என்று முடிவு செய்தேன். அதன் பிறகுதான் அவர்களுடைய சொந்தக் கொள்கைகள் வெளிவரத் தொடங்கின. "கனமா இருந்தா மூழ்கும் மிஸ்" என்றாள் ஒருத்தி. பெரிய மரக்கட்டை மிதந்து குண்டூசி மூழ்கியதைக் காட்டியபோதும் அவள் அசரவில்லை. கட்டைக்கு நீச்சல் தெரியும் என்று விளக்கம் கொடுத்தாள். களிமண் உருண்டை மூழ்கியது. அதே களிமண்ணைக் கிண்ணம்போல் குழித்து வைத்ததும் மிதந்தது. குழிந்த வடிவம் அதிகத் தண்ணீரை விலக்குகிறது, விலகிய தண்ணீரின் எடைக்குச் சமமான விசை அதை மேலே தள்ளுகிறது என்ற ஆர்க்கிமிடீஸின் விதியை, விசை என்ற சொல்லே இல்லாமல் எப்படிச் சொல்வது என்று நான் தடுமாறுவதற்குள், முன்வரிசைப் பையன் ஒருவன், "இப்பதான் அதுக்கு தான் படகுன்னு தெரிஞ்சிருக்கு" என்று பாடத்தை முடித்தே வைத்துவிட்டான்.

மணியடிக்கச் சற்று நேரம் இருக்கும்போது, அதுவரை வாயே திறக்காத ஒருவன் பென்சில் பெட்டியிலிருந்து ஒரு காகிதப் பொட்டலத்தை எடுத்துவந்தான். மடிப்பு மடிப்பாகப் பிரித்தால், உள்ளே முந்தைய நாள் விழுந்த அவனுடைய பால் பல். "இது மூழ்குமா மிஸ்?" என்றான். இந்த முறை என் முகத்தைப் பார்க்க ஒருவருமில்லை. அத்தனை தலைகளும் வாளிக்கு மேல் முட்டி மோதிக்கொண்டிருந்தன. "சின்னது, மிதக்கும்" என்று ஒரு கட்சி, "எலும்பு, மூழ்கும்" என்று ஒரு கட்சி. பல் எலும்பன்று என்று திருத்தும் அவகாசத்தைக்கூட எனக்கு யாரும் தரவில்லை. பல்லின் மேலுறையான எனாமல் தண்ணீரைப் போல ஏறத்தாழ 3 மடங்கு அடர்த்தி கொண்டது. எனவே பல் பளிச்சென்று அடிக்குப் போய்விட்டது.

போனதோடு களிமண் கலங்கலில் மறைந்தும்விட்டது. உடைமையாளர் அழத் தொடங்கினார். தண்ணீரைத் துணியில் வடிகட்டி, குண்டூசிகளுக்கும் ஆணிக்கும் நடுவிலிருந்து பல்லை மீட்டுக் கழுவி ஒப்படைப்பதற்குள் அடுத்த பாடவேளையும் பாதி கரைந்துவிட்டது. வாளியைத் தூக்கிக்கொண்டு கிளம்பிய என்னை ஒரு சிறுமி வழிமறித்தாள். வாயைத் திறந்து, முன்பல்லை நாக்கால் முன்னும் பின்னும் ஆட்டிக் காட்டிவிட்டு, "இது நாளைக்கு விழுந்துடும் மிஸ், வாளியை எடுத்துட்டு வந்துருங்க" என்றாள்.