பேரேட்டில் ஏறாத காளான்

போன ஆகஸ்ட்டில் எங்கள் பண்ணையிலிருந்து போன ஒரு லாரி மக்காச்சோளம் அப்படியே திரும்பி வந்தது. வாங்க வேண்டியவர்கள் சாம்பிள் எடுத்துப் பார்த்து, அஃப்ளாடாக்சின் என்ற பூஞ்சை நச்சு அதிகம் என்று எழுதிக் கொடுத்துவிட்டார்கள். அதை இழப்புக் கணக்கில் ஏற்றியவன் நான்தான். ஜாம்பியாவில், லுசாகாவிலிருந்து வடக்கே சுமார் 300 கிலோமீட்டர் தள்ளியிருக்கும் முகுஷி பகுதியில் ஒரு பெரிய பண்ணைக்குக் கணக்கு எழுதுகிறேன். ஏழாவது வருஷம் நடக்கிறது.

அந்த மாதக் கணக்கை முடிக்கும்போதுதான் ஒன்று கண்ணில் பட்டது. என் பேரேட்டில் பூஞ்சை வரும் இடமெல்லாம் செலவுப் பக்கம். கோதுமைத் துருவுக்கு மருந்து, விதை நேர்த்திக்கு மருந்து, தானியத்தைக் காயவைக்க டீசல், கடைசியாக இந்த லாரி. வரவுப் பக்கம் அதன் பேரில் ஒரு வரிகூட இல்லை.

அஃப்ளாடாக்சினைச் சாதாரணமாக நினைக்க முடியாது. 2004ல் கென்யாவின் கிழக்குப் பகுதியில் பூசணம் பிடித்த மக்காச்சோளம் சாப்பிட்டு 317 பேர் நோயில் விழுந்தார்கள். 125 பேர் இறந்தார்கள். அதற்கு மருந்தாக வந்ததும் அதே பூஞ்சைதான். நச்சைச் சுரக்கத் தெரியாத அஸ்பெர்ஜில்லஸ் வகைகளைச் சோளத்தில் ஏற்றி வயலில் தூவுகிறார்கள். அவை முந்திக்கொண்டு இடம் பிடித்துவிடுவதால் நச்சு வகைக்கு இடம் கிடைப்பதில்லை. நைஜீரியாவின் இபாடானில் இருக்கும் வெப்பமண்டல வேளாண்மை ஆய்வு நிறுவனமும் அமெரிக்க வேளாண் துறையும் சேர்ந்து ஆப்பிரிக்காவுக்குக் கொண்டுவந்த இதன் பெயர் அஃப்ளாசேஃப். முள்ளை முள்ளால் எடுப்பது என்பார்களே, அதுதான். இந்த வருஷம் நாங்களும் வாங்கப் போகிறோம். மறுபடியும் செலவு வவுச்சர்!

சரி, லாரி கதை இருக்கட்டும். செப்டம்பரில் இன்னொரு வவுச்சர் வந்தது: புது வயலுக்காகக் காடு அழித்த புல்டோசர் வாடகை. கையெழுத்துப் போட்டேன். அந்த இடம் மியோம்போ காடு. தான்சானியாவிலிருந்து அங்கோலா வரை இந்தப் பகுதியின் குறுக்கே படர்ந்து கிடக்கும் காடு அது. உள்ளே ஆளுயரத்துக்கும் மேலான கறையான் புற்றுகள். கறையான் புற்றெடுக்கக் கருநாகம் குடிபுகுந்த கதையைக் கேட்டிருக்கிறேன். இங்கே பாம்புக்குக்கூட மிச்சம் வைக்கவில்லை. மூன்று நாளில் எல்லாம் தரைமட்டம்.

நவம்பரில் மழை பிடித்தது. டிசம்பரில் ஒரு திங்கட்கிழமை, பண்ணைச் சமையலறையில் வேலை பார்க்கும் அம்மா வெறும் கூடையோடு வந்து நின்றார். நான் அவரை மாயோ என்று கூப்பிடுவேன். பெம்பா மொழியில் அம்மா. ஒவ்வொரு மழைக்காலத்திலும் அவர் காளான் எடுத்த இடம் அந்தக் காடுதான் என்று அன்றைக்குத்தான் தெரிந்தது. திட்டவில்லை. "அங்கே இப்போது ஒன்றும் இல்லை" என்றார், அவ்வளவுதான். திட்டியிருந்தால் தேவலை.

வந்த புதிதில் நானும் இதையெல்லாம் நாய்க்குடை என்று ஒதுக்கியவன். பெரிய வடக்குச் சாலையில் போகும்போது ஒரு பையன் ஓரத்தில் நின்று குடை மாதிரி ஒன்றைத் தூக்கிக் காட்டினான். பக்கத்தில் போனால் காளான்! டெர்மிடோமைசஸ் டைட்டானிகஸ். தொப்பி ஒரு மீட்டர் அகலம் வரைகூட விரியும். உண்ணும் காளான்களில் உலகிலேயே பெரியது. இவ்வளவு பெரியதற்கு அறிவியல் பெயர் கிடைத்ததே 1980ல்தான். அன்றைக்கு மாயோ அதை நிலக்கடலை மாவு போட்டுச் சமைத்து, ந்ஷிமா என்ற மக்காச்சோள மாவுக் களியோடு வைத்தார். இரண்டாவது தடவை கேட்டு வாங்கிச் சாப்பிட்டேன்.

அது புற்றில் முளைக்கும் காளான். கறையான் மரத்தையும் சருகையும் தின்று போடும் கழிவால் அடுக்கடுக்காகத் தேனடை மாதிரி கட்டி, அதில் இந்தப் பூஞ்சையை வளர்க்கிறது. தனக்குச் செரிக்காததைப் பூஞ்சை செரித்துக் கொடுக்க, அதைச் சாப்பிடுகிறது. இந்த விவசாயம் ஆப்பிரிக்காவில் தொடங்கி சுமார் 3 கோடி ஆண்டுகள் ஆகின்றன. மனிதன் இன்னும் இதைப் பண்ணையில் விளைவித்து விற்கும் அளவுக்குக் கற்றுக்கொள்ளவில்லை. ஆகவே புற்று போனால் காளானும் போயிற்று.

மற்ற காளான்களில் பல மரத்தை நம்பியவை. மாயோ 'கபன்சா' என்று சொல்லும் காளானுக்கு லாக்டேரியஸ் கபன்சஸ் என்று பெயர் வைத்திருக்கிறார்கள். பெம்பாச் சொல் அப்படியே லத்தீனில் ஏறி உட்கார்ந்திருக்கிறது. மியோம்போ மண் சத்தில்லாத மண். பிராகிஸ்டீஜியா, ஜுல்பெர்னார்டியா மரங்களின் வேர்நுனியைப் பூஞ்சை இழைகள் உறைபோலச் சுற்றிக்கொண்டு, வேர் போக முடியாத இடத்திலிருந்தெல்லாம் பாஸ்பரஸும் நைட்ரஜனும் தண்ணீரும் இழுத்துக் கொடுக்கின்றன. கூலி, மரம் காய்ச்சும் சர்க்கரை. நாம் பறிப்பது அந்தப் பூஞ்சை மழைக்கு வெளியே நீட்டும் பழத்தை மட்டும்தான்.

இங்கே காடு அழிகிறது என்று யார் பேசினாலும் விரல் நீள்வது கரி சுடுகிறவன் பக்கம். 2024 வறட்சியில் கரீபா அணையில் தண்ணீர் இல்லாமல் நாள் முழுக்க மின்வெட்டு. ஊரே கரி அடுப்புக்குத் திரும்பியது. கரி சுடுவதை நான் நியாயப்படுத்தவில்லை. ஆனால் மியோம்போ மரத்தை வெட்டினாலும் அடிக்கட்டை துளிர்க்கும். வேர் உயிரோடு இருந்தால் பூஞ்சைக்கும் பிழைக்க வழி உண்டு, விட்டுவைத்தால் காடு திரும்பும். வேரோடு பிடுங்கி உழுதுவிட்ட இடத்தில் அது நடக்காது. கரி மூட்டை சாலையோரம் எல்லார் கண்ணிலும் படும். புல்டோசர் வாடகை என் ஃபைலுக்குள் இருக்கிறது.

பூஞ்சைகளில் உலகம் இதுவரை பெயரிட்டது சுமார் ஒன்றரை லட்சம். மொத்தம் 22 முதல் 38 லட்சம் இருக்கலாம் என்பது 2017ல் வந்த மதிப்பீடு. வனப் பாதுகாப்புத் திட்டங்களில் விலங்கு வரும், தாவரம் வரும், பூஞ்சைக்கு இடம் இருப்பது அபூர்வம். இத்தனைக்கும் அது காசுக்கும் ஆகும். வெட்டுக்கிளியைக் கொல்லும் மெட்டாரைசியம் பூஞ்சையைத் தேடும் வேலை 1989ல் தொடங்கியது. நைஜரில் கிடைத்த ஒரு வகையிலிருந்து தயாரித்த மருந்தை 2009ல் தான்சானியாவில் செவ்வெட்டுக்கிளிக் கூட்டத்தின் மேல் தெளித்து அடக்கினார்கள். அந்த வெட்டுக்கிளி பெருகும் இடங்களில் எங்கள் காஃபுவே சமவெளியும் ஒன்று. ஜிம்பாப்வேயில் சிடோ கோவேரா என்ற பெண், பதினொரு வயதில் கற்ற சிப்பிக்காளான் வளர்ப்பை இன்று ஆதரவற்ற பெண்பிள்ளைகளுக்குச் சொல்லிக் கொடுக்கிறார். பயிர்க்கழிவு போதும், நிலமே தேவையில்லை. நல்ல காரியம்தான். ஆனால் சிப்பிக்காளான் வளர்த்து கபன்சாவின் கணக்கைத் தீர்க்க முடியாது.

போன மாதம் அடுத்த வயலுக்கான வரைபடம் என் மேசைக்கு வந்தது. எங்கள் பாசனம் வட்டமாகச் சுற்றும் இயந்திரம். சதுர நிலத்துக்குள் வட்டம் போட்டால் நான்கு மூலைகளிலுமாக ஐந்தில் ஒரு பங்கு தண்ணீர் எட்டாமல் கிடக்கும். இருந்தும் சதுரம் முழுவதையும் அழிக்க எஸ்டிமேட் போட்டிருந்தார்கள். மேலாளரிடம் போய் காளானைப் பற்றி ஐந்து நிமிடம் பேசினேன். கைபேசியைப் பார்த்துக்கொண்டே கேட்டார். அப்புறம் மூலைகளை அழிக்காமல் விட்டால் எவ்வளவு டீசல் மிச்சம் என்று ஒரு தாளில் போட்டுக் காட்டினேன். உடனே சம்மதம்.

மாயோவிடம் சொன்னேன். அந்த மூலைகளில் எத்தனை புற்று இருக்கிறது என்று கேட்டார். டீசலை லிட்டர் கணக்கில் போட்ட நான் அதை எண்ணவில்லை. ஞாயிற்றுக்கிழமை போய் எண்ண வேண்டும். தானும் வருவதாகச் சொல்லியிருக்கிறார்.