எல்லா ஷிப்டிலும் இருந்தவர்

வார்டில் 11 ஆண்டுகள் செவிலியராக இருந்துவிட்டுப் புகார்ப் பிரிவுக்கு வந்தேன். முழங்கால் வலியைக் காரணம் காட்டிக் கேட்டு வாங்கிய இடமாற்றம். உட்கார்ந்து பார்க்கும் வேலை என்றார்கள். உண்மைதான். உட்கார்ந்தபடியே திட்டு வாங்கலாம்.

முதல் நாள் என்னிடம் ஒப்படைக்கப்பட்டவை ஒரு மேஜை, ஒரு பதிவேடு, வார்டுக்கு ஒன்றாக மாட்டியிருந்த புகார்ப் பெட்டிகள். சாவிகள் எங்கே என்று கேட்டேன். அலுவலகத்தில் ஒருவருக்கும் தெரியவில்லை. இரண்டு நாள் அலைந்த பிறகுதான், அந்தந்த வார்டின் பொறுப்புச் செவிலியரிடமே சாவியைக் கொடுத்து வைத்திருந்த கதை வெளியே வந்தது. யாரைப் பற்றிப் புகார் வருமோ, அவர் கையில் சாவி. சிரித்துவிட்டு என் பழைய வார்டுக்குப் போய், நான் பல ஆண்டுகள் உட்கார்ந்திருந்த மேஜையின் இழுப்பறையைத் திறந்தேன். பழைய பேனாக்களுக்கும் பிளாஸ்டர் சுருளுக்கும் நடுவில் அந்தச் சிறு சாவி கிடந்தது. அதை எத்தனையோ முறை கையால் ஒதுக்கிவிட்டு வேறு எதையோ தேடியிருக்கிறேன்.

பெட்டிக்குள் மிட்டாய்த் தாள்களும் மூன்று கடிதங்களும் இருந்தன. ஒன்றில் 14 மாதங்களுக்கு முந்தைய தேதி. "இரவில் கழிப்பறைப் பக்கம் விளக்கு எரிவதில்லை. அம்மா விழுந்துவிடுவாரோ என்று பயமாக இருக்கிறது." அவ்வளவுதான், பெயர் இல்லை. அந்த அம்மா விழுந்தாரா இல்லையா என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. அந்த விளக்கு எரியாததை நான் கவனித்ததாகவும் நினைவில்லை. டூட்டியில் இருக்கும்போது கையில் டார்ச் இருக்கும்.

வேலையைக் கற்றுக்கொடுத்தது வேறொரு புகார். இடுப்பு எலும்பு முறிந்து வந்த முதியவர் ஒருவர், வயது 70க்கு மேல். மறுநாள் காலை முதல் அறுவை சிகிச்சை அவருக்கு என்று முடிவாகி, நள்ளிரவிலிருந்து வாய்வழி எதுவும் கொடுக்கக் கூடாது என்று எழுதப்பட்டது. காலையில் ஓர் அவசர கேஸ் உள்ளே போனது. இவருக்கு மதியம் என்றார்கள். மதியம் மாலையானது. மாலையில், நாளைக்கு என்றார்கள். அடுத்த நாள் காலை 10 மணிக்குத்தான் அவரைத் தியேட்டருக்குள் கொண்டுபோனார்கள். நள்ளிரவிலிருந்து கணக்கிட்டால் 34 மணி நேரம்.

மகள் எழுதிய புகார் ஒரே வரி: "என் அப்பாவுக்குத் தண்ணீர்கூடக் கொடுக்கவில்லை."

கேஸ் ஷீட்டை வரவழைத்துப் படித்தேன். குறை கண்டுபிடிக்க முடியவில்லை. டிரிப்ஸ் ஓடியிருக்கிறது. சிறுநீர் அளவு எழுதப்பட்டிருக்கிறது. இரவு டூட்டிச் செவிலியர் "வாய்வழி எதுவும் கொடுக்கவில்லை" என்று எழுதிக் கையெழுத்துப் போட்டிருக்கிறார். காலை டூட்டியும் அப்படியே. மாலை டூட்டியும் அப்படியே. ஒவ்வொருவரும் தனக்கு இடப்பட்ட கட்டளையைத் தவறாமல் நிறைவேற்றியிருந்தார்கள். நானாக இருந்தாலும் அதையே எழுதியிருப்பேன். ஆகவே எல்லோரும் அனுப்பும் பதிலை நானும் அனுப்பினேன்: "மருத்துவ நெறிமுறைகளின்படியே சிகிச்சை அளிக்கப்பட்டுள்ளது. தங்கள் தந்தைக்கு ஏற்பட்ட அசௌகரியத்திற்கு வருந்துகிறோம்."

ஒரு வாரம் கழித்து அந்தப் பெண் நேரில் வந்தார். சத்தம் போடவில்லை. என் கடிதத்தை மேஜையில் விரித்து வைத்தார். 'அசௌகரியம்' என்ற சொல்லின் கீழே பென்சிலால் ஒரு கோடு.

"சிஸ்டர், நாற்காலி ஆடினால் அது அசௌகரியம். அப்பா நாக்கு ஒட்டிக்கொண்டு என் பெயரைக்கூடச் சொல்ல முடியாமல் கிடந்தார். இதற்கு உங்களிடம் வேறு சொல் இல்லையா?"

இல்லை. அந்தக் கடிதத்தின் மாதிரி கணினியில் இருந்தது. பெயரையும் தேதியையும் மாற்றுவதுதான் என் வேலையாக இருந்தது. அதை அவரிடம் சொல்லிக்கொள்ள முடியவில்லை. என்ன நடந்தது என்று முதலிலிருந்து சொல்லச் சொன்னேன். அவர் சொல்லச் சொல்ல எழுதிக்கொண்டேன். அப்போதுதான் ஒன்று உறைத்தது. அறுவை சிகிச்சை மூன்று முறை தள்ளிப்போயிற்று என்பது கேஸ் ஷீட்டில் எங்குமே ஒன்றுசேர்ந்து இல்லை. காலை டூட்டிக்கு ஒரு தள்ளிவைப்பு தெரியும். மாலை டூட்டிக்கு இன்னொன்று தெரியும். மூன்றையும் சேர்த்து அறிந்தவர்கள் இரண்டே பேர். ஒருவர் கட்டிலில் கிடந்தார், மற்றவர் அதன் பக்கத்தில் முக்காலியில் உட்கார்ந்திருந்தார்.

நாங்கள் எட்டு மணி நேரத்துக்கு ஒருமுறை மாறிவிடுகிறோம். டாக்டர்கள் ரவுண்ட்ஸ் முடித்துப் போய்விடுகிறார்கள். எல்லா ஷிப்டிலும் தொடர்ந்து டூட்டியில் இருக்கும் ஒரே ஆள் நோயாளி. 11 ஆண்டுகள் வார்டில் இருந்த எனக்கு இது தோன்றியதே இல்லை.

மயக்கவியல் வழிகாட்டுதல்கள் பொதுவாகச் சொல்வது, திட்டமிட்ட அறுவை சிகிச்சைக்கு 6 மணி நேரம் முன்பு எளிய உணவை நிறுத்து, 2 மணி நேரம் முன்புவரை தெளிந்த நீர் கொடுக்கலாம் என்பதே. நள்ளிரவு என்பது எங்கள் வசதிக்காக நாங்கள் வைத்துக்கொண்ட எல்லை. முதல் கேஸ் எது என்று காலைவரை நிச்சயமில்லாததால் எல்லோருக்கும் ஒரே நேரத்தில் நிறுத்திவிடுகிறோம். தள்ளிப்போனால் யார் அந்தத் தடையை எடுப்பது? தியேட்டர் தள்ளிவைக்கும், வார்டு காத்திருக்கும். நடுவில் ஒரு டம்ளர் தண்ணீர் யாருடைய பொறுப்பிலும் இல்லாமல் நின்றது.

பின்னாளில் ஓர் ஆய்வைப் படித்தபோது அந்த டம்ளர்தான் கண்முன் வந்தது. லண்டன் பொருளாதாரப் பள்ளியைச் சேர்ந்த அலெக்ஸ் கில்லெஸ்பியும் டாம் ரீடரும் இங்கிலாந்து மருத்துவமனைகளுக்கு வந்த 1,110 புகார்களைப் பகுத்து ஆராய்ந்து 2018இல் வெளியிட்டது. மருத்துவமனையின் சொந்தக் கண்காணிப்புக்கு எளிதில் சிக்காத இடங்களைப் புகார்கள் காட்டிக்கொடுக்கின்றன என்பது அவர்கள் கண்டது: அனுமதியாகும் நேரம், வீட்டுக்கு அனுப்பும் நேரம், பல பிரிவுகளில் பரவிக் கிடக்கும் கோளாறுகள், செய்யாமல் விட்டவை. கடைசியாகச் சொன்னதைத்தான் நான் திரும்பத் திரும்ப நினைத்துப் பார்த்தேன். தவறான ஊசி போட்டால் பதிவேட்டில் தடம் இருக்கும். கொடுக்காத தண்ணீருக்குத் தடம் ஏது?

அதே இருவர் 2016இல் புகார்களை வகைப்படுத்த ஒரு கருவியையும் வெளியிட்டிருந்தார்கள். சிகிச்சை, நிர்வாகம், உறவு என்று மூன்று பெரும் பிரிவுகள். நாங்கள் அதுவரை புகார்களை 'எந்தத் துறை' என்று மட்டுமே பிரித்து வைத்திருந்தோம், யாரிடம் விளக்கம் கேட்பது என்பதற்கு அது போதும் என்பதால். பழைய பதிவேட்டை எடுத்து இந்த மூன்றில் பிரித்துப் பார்த்தேன். அறுவை சிகிச்சைத் துறையின் பெயரில் இருந்த பலவற்றுக்கும் கத்திக்கும் சம்பந்தமே இல்லை. சொன்னதைக் கேட்கவில்லை, கேட்டதற்குப் பதில் சொல்லவில்லை என்பதே மிகுதி.

அந்த மகளுக்கு இரண்டாவது கடிதம் எழுத உட்கார்ந்தபோது வேறு சிக்கல் வந்தது. 'மன்னிப்பு' என்ற சொல்லைப் போடாதீர்கள், வழக்கு வந்தால் அதையே தூக்கிக் காட்டுவார்கள் என்றார் சட்ட ஆலோசகர். அந்தப் பயத்தை நான் கேலி செய்ய மாட்டேன், நீதிமன்றப் படி ஏறியவர்களுக்குத்தான் அதன் வலி தெரியும். ஆனால் அமெரிக்காவில் மிச்சிகன் பல்கலைக்கழக மருத்துவமனை 2001 முதல் நேர்மாறான வழியில் போனது. தவறு நடந்திருந்தால் தானே எடுத்துச் சொல்லி, மன்னிப்புக் கேட்டு, இழப்பீடும் கொடுக்கத் தொடங்கியது. 2010இல் வந்த ஆய்வின்படி, ஒரு லட்சம் நோயாளர் வருகைக்கு மாதம் 7.03 ஆக இருந்த புதிய இழப்பீட்டுக் கோரிக்கைகள் 4.52 ஆகக் குறைந்திருந்தன. அது ஒன்றே காரணம் என்று அடித்துச் சொல்ல முடியாதுதான். இருந்தாலும் மன்னிப்புக் கேட்டதால் கூரை இடிந்து விழவில்லை. அதை அச்செடுத்து ஆலோசகரிடம் கொடுத்தேன். இரண்டு வாரம் வைத்திருந்தார். கடைசியில் "தண்ணீர் கொடுத்திருக்க வேண்டும், கொடுக்கவில்லை, அதற்காக மன்னிப்புக் கேட்டுக்கொள்கிறோம்" என்று போனது கடிதம். அந்தப் பெண்ணிடமிருந்து பதில் வரவில்லை. வர வேண்டும் என்று எதிர்பார்க்கவும் எனக்கு உரிமையில்லை.

எல்லாப் புகாரும் நியாயமானதல்ல, அதையும் சொல்லிவிடுகிறேன். பில்லைக் குறைக்க எழுதப்பட்டவை உண்டு. ஒரே டாக்டர் மேல் தன் பெயரை மாற்றி மாற்றி எழுதுபவர் உண்டு. கை ஓங்கிக்கொண்டு வருபவரை நான் புகார்தாரராகக் கணக்கில் எடுப்பதில்லை, அவரைப் பார்த்துக்கொள்ளக் காவலர் இருக்கிறார். ஆனால் நியாயமற்றவை என்று ஒதுக்கிய கட்டைத்தான் நான் அடிக்கடி திரும்ப எடுத்துப் படிக்க வேண்டியதாயிற்று.

மாதக் கூட்டம் ஒன்றை மறக்க முடியாது. புகார் எண்ணிக்கையைக் காட்டும் வண்ண வரைபடத்தில் அந்த மாதத்துக் கம்பம் பாதியாகச் சுருங்கியிருந்தது. எல்லோருக்கும் மகிழ்ச்சி, எனக்குப் பாராட்டு. மறுநாள் காரணத்தைத் தேடிப் போனால், புகார்ப் படிவம் தீர்ந்து மூன்று வாரமாகியிருந்தது. அச்சகத்துக்குச் சொல்ல மறந்தவள் நான்தான். அடுத்த கூட்டத்தில் அதைச் சொன்னபோது அறையில் இருந்த அமைதி எனக்குப் பிடித்திருந்தது என்றே சொல்ல வேண்டும். இங்கிலாந்தில் ஸ்டாஃபோர்டு மருத்துவமனையில் 2005 முதல் 2009 வரை நடந்த அவலங்களை ராபர்ட் பிரான்சிஸ் விசாரித்து 2013இல் கொடுத்த இறுதி அறிக்கையில் 290 பரிந்துரைகள் இருக்கின்றன. நோயாளிகளும் குடும்பத்தாரும் சொன்னதை நிர்வாகம் காதில் வாங்கவில்லை என்பது அதன் முக்கியக் குற்றச்சாட்டுகளில் ஒன்று. அங்கே புகார்கள் வராமல் இல்லை. அதன் பிறகு எங்கள் கூட்டத்தில் வரைபடத்துக்கு முன்னால் ஒரு கடிதத்தையாவது முழுதாக வாசிக்க வேண்டும் என்று பிடிவாதம் பிடித்தேன். தலைமை மருத்துவர் கடிகாரத்தைப் பார்ப்பார். நான் மெதுவாக வாசிப்பேன்.

அப்படி வாசிக்க முடியாமல் போன கடிதம் ஒன்றும் உண்டு. "என் அம்மாவின் உயிர் போய்க்கொண்டிருந்தபோது எதிரே மேஜையில் அந்த நர்ஸ் சிரித்துக்கொண்டிருந்தார்." செவிலியர் யார் என்பது எனக்கு உடனே தெரிந்தது, பணியில் சேர்ந்து ஓர் ஆண்டுகூட ஆகாத பெண். கூப்பிட்டு உட்காரவைத்துக் கடிதத்தை அவளையே படிக்கச் சொன்னேன். இரண்டு முறை படித்தாள். "நான் சிரித்தேனா மேடம்?" என்று கேட்டாள். அவளுக்கு நினைவில்லை. அதிகாலை 3 மணிக்கு உடன் வேலை செய்பவர் ஏதோ சொன்னால் தூக்கம் கலைவதற்காகச் சிரிப்போம், நான் அப்படி நூறு முறை சிரித்திருக்கிறேன். அந்தச் சிரிப்பு எட்டு அடி தூரத்தில் என்னவாகக் கேட்கும் என்று ஒருமுறையும் திரும்பிப் பார்த்ததில்லை. அந்தப் பெண் ஒரு மாதம் யாரிடமும் பேசாமல் வேலை பார்த்தாள். கடிதத்தை அவளிடம் காட்டியது சரியா என்று இன்றும் எனக்குத் தெளிவில்லை. புகார் கொடுத்தவருக்கு ஒரு நாற்காலியும் நேரமும் ஒதுக்கியிருந்தோம், புகாருக்கு ஆளானவளுக்கு எதையும் யோசித்து வைத்திருக்கவில்லை.

தண்ணீர் விஷயத்தில் மாற்றம் வர 5 மாதம் பிடித்தது. அறுவை சிகிச்சை தள்ளிப்போகிறது என்று தியேட்டரிலிருந்து தொலைபேசியில் சொல்பவர், எத்தனை மணிவரை தண்ணீர் கொடுக்கலாம் என்பதையும் அதே அழைப்பில் சொல்ல வேண்டும். வார்டில் கேட்பவர் அதைக் கட்டில் தலைமாட்டுப் பலகையில் எழுத வேண்டும், நோயாளியின் கண்ணுக்கும் தெரியும்படி. இவ்வளவுதான். ஞாயிற்றுக்கிழமைகளில் இது இன்னும் ஒழுங்காக நடப்பதில்லை.

போன மாதம் ஒருவர் டிஸ்சார்ஜ் ஆகும்போது என் அறைக்கு வந்தார். புகார் ஒன்றும் இல்லை என்றார். பொழுது போகாமல் எழுதியது, தேவைப்பட்டால் வைத்துக்கொள்ளுங்கள் என்று ஒரு சின்ன நோட்டை நீட்டினார். ஆறு நாளும் நேரம் போட்டு எழுதியிருந்தார். "6.10 ஊசி. 7.30 டாக்டர் வருவார் என்றார்கள். 9.40 வேறு டாக்டர். எல்லாம் முதலிலிருந்து கேட்டார்." இப்படிப் பக்கம் பக்கமாக, எங்கும் ஒரு கோபச் சொல் இல்லை. கடைசிப் பக்கத்தில் அன்றைய தேதி: "11.00 வீட்டுக்குப் போகலாம் என்றார்கள். 12.30 பில் வரவில்லை. 2.15 பில் வந்தது. 4.50 மாத்திரை வந்தது. எப்போது சாப்பிட வேண்டும் என்று சொல்லவில்லை."

கடிகாரத்தைப் பார்த்தேன். 5.05. மாத்திரைப் பையை வாங்கிக்கொண்டு, மருந்துச் சீட்டை எடுத்து வரச் சொல்லி வார்டுக்குத் தொலைபேசியில் சொன்னேன். அவர் நோட்டைத் திரும்ப வாங்கி, பேனா மூடியைக் கழற்றி, இன்னொரு வரி எழுதத் தொடங்கினார்.