தேனீக்கு நீலம் பழக்குவது

மலேசியாவின் சுங்கை சிப்புட் பக்கத் தோட்டங்களில், தொழிலாளர் குடியிருப்பான லயத்து வேலியோரம் தேனீக்குப் பஞ்சமில்லை. மருந்தடிக்காத நாளாகப் பார்த்து, நீல அட்டைமேல் கண்ணாடித் தட்டை வைத்து, சீனியும் தண்ணீரும் சரிபாதி கலந்து ஊற்றுங்கள். சுற்றிலும் வெளிர் முதல் கருமை வரை சாம்பல் அட்டைகள். அவற்றின்மேல் தட்டுகளில் வெறும் தண்ணீர். நீல அட்டையை அடிக்கடி இடம் மாற்றுங்கள். இல்லாவிட்டால் தேனீ இடத்தைத்தான் கற்கும், நிறத்தை அல்ல. பலர் கோட்டைவிடுவது இங்கேதான்.

சோதிக்கும்போது எல்லாமே புதுத் தட்டு, வெறும் தண்ணீர். பழையதில் தேனீயின் வாசம் ஒட்டியிருக்கும். அப்படியும் நீலத்தில் இறங்கினால் அது நினைவுதான். தேனீக்களை ஆராய்ந்த விலங்கியலாளர் கார்ல் ஃபான் ஃபிரிஷ் 1914-இல் இப்படித்தான் காட்டினார். சிவப்பு வேண்டாம், தேனீக்கு அது கறுப்பு மாதிரி. நிறம் மனத்தில் பதிவது குடிக்கும்போது அல்ல, இறங்குவதற்கு முந்தைய சில நொடிகளில். உட்கார்ந்தபின் அட்டையைச் செருகிப் பயனில்லை.