வளையல் கழலவில்லை

எங்கள் காரைக்குடி ஆஸ்பத்திரியில் இதயத் துடிப்பைச் சீராக்கும் பேஸ்மேக்கர் மிஷின் வைப்பதில்லை. மதுரையில் வைத்துக்கொண்டு வருபவர்களுக்குத் தையல் பார்ப்பது, கட்டு மாற்றுவது, அவ்வளவுதான் எங்கள் பங்கு. பன்னிரண்டு வருட நர்ஸ் வேலையில் என் கண் நேரே தையலுக்குத்தான் போகும், காய்ந்திருக்கிறதா, சீழ் உண்டா என்று.

கானாடுகாத்தான் பக்கமிருந்து ஓர் ஆச்சி வந்தார்கள். இடது பக்கம் பேஸ்மேக்கர் வைத்து மூன்று வாரம், தையல் சுத்தமாக இருந்தது. "நல்லா இருக்கு ஆச்சி" என்று அனுப்பியிருப்பேன். வலது கையில் பிரஷர் பார்த்துக்கொண்டிருக்கும்போது சொன்னார்கள்: "ஏத்தா, இந்த இடது கை வளையல் மட்டும் சோப்புப் போட்டாலும் கழல மாட்டேங்குது."

இரண்டு கையையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன். இடது கை வீங்கி லேசாக நீலம் பாரித்திருந்தது, ரவிக்கைக் கை சதையில் பதிந்து கோடு போட்டிருந்தது, தோளிலும் மார்பிலும் பச்சை நரம்புகள் புடைத்துத் தெரிந்தன. இதையெல்லாம் பார்க்காமல் தையலை மட்டும் பார்த்திருக்கிறேன்!

ரத்த ஓட்டத்தைக் காட்டும் டாப்ளர் ஸ்கேனில், காறை எலும்புக்குக் கீழே ஓடும் பெரிய சிரையில், அதாவது கையிலிருந்து ரத்தத்தை இதயத்துக்குத் திருப்பிக் கொண்டுபோகும் குழாயில், ரத்தம் உறைந்திருந்தது. பேஸ்மேக்கர் ஒயர் அந்தச் சிரை வழியாகத்தான் இதயத்துக்குப் போகிறது. அது உள்சுவரில் உரச, ஓட்டமும் மந்தமாக, ரத்தம் கட்டிக்கொள்ளும். பலருக்குச் சிரை கொஞ்சம் அடைத்தாலும் ரத்தம் வேறு கிளை வழியாகப் போய்விடுவதால் ஒன்றுமே தெரியாது, சிலருக்குத்தான் இப்படி வீங்கும். அபூர்வமாக உறைந்த ரத்தம் பிய்ந்து நுரையீரலுக்கும் போகலாம், அதனால் மூச்சு வாங்கினால் உடனே ஓடி வர வேண்டும்.

"மிஷினை எடுத்துருவாகளா?" என்று ஆச்சி கேட்டார்கள். எடுக்கவில்லை. ரத்தம் உறையாமலிருக்க ஊசி, அப்புறம் குறைந்தது மூன்று மாதம் மாத்திரை.

வீட்டில் கையை எப்படி வைத்திருந்தீர்கள் என்று கேட்டேன். "தூக்கக் கூடாதுன்னீகளே" என்றார்கள். ராப்பகலாகத் துண்டால் மார்போடு கட்டி, வளவுத் தூணில் சாய்ந்தே இருந்திருக்கிறார்கள். ஒயர் நகராமலிருக்கச் சில வாரம் தோளுக்கு மேல் தூக்கக் கூடாது, அவ்வளவுதான் சங்கதி. ஒயர்தான் முக்கியக் காரணம், துண்டின் மேல் மட்டும் பழி போடாதே என்று டாக்டர் சொன்னார். சரிதான், ஆனால் அந்த அரைகுறை வாக்கியத்தை நானும் எத்தனை பேரிடம் சொல்லியிருக்கிறேன்.

இப்போதெல்லாம் முழங்கையை மடக்கி, விரலை மூடித் திறந்து காட்டச் சொல்கிறேன். தலை பின்ன மட்டும் யாரையாவது கூப்பிடுங்கள் என்கிறேன். இரண்டு கையையும் மேசையில் நீட்டிப் பார்த்த பிறகுதான் தையல்.

வளையலை அன்று ஆசாரியை வரவழைத்து வெட்டித்தான் எடுத்தோம். ரத்தக் கட்டுக்கு அழாத ஆச்சி, "எங்க ஆத்தா போட்டு அனுப்புனது" என்று அதற்கு அழுதார்கள்.