தேர்வுக்காக ஓர் அரசியல் த்ரில்லர் ஒன்லைன்

திரைக்கதைப் படிப்பின் கடைசி செமஸ்டர் தேர்வில் ஒன்லைன், அதாவது கதைச் சுருக்கம், சொல்ல நான் எடுத்தது, எதிரெதிர்க் கட்சிகளுக்கு வியூகம் வகுக்கும் இரண்டு பேரின் மோதல். அடுத்து இதே களத்தில் இறங்குகிறவர்களுக்கு உதவும் என்றுதான் எழுதுகிறேன்.

முதல் வடிவத்தில் ஒருவன் நல்லவன், ஒருத்தி கெட்டவள், நடுவில் வாக்கு இயந்திரத்தை ஹேக் செய்யும் கும்பல். ஆசிரியர் ஒன்றுதான் கேட்டார்: "அந்தப் பொண்ணு தோத்துட்டா அவளுக்கு என்னம்மா போகும்?" கட்சிக்கு ஆட்சி போகும், அவளுக்கு வேறு மாநிலத்தில் அடுத்த வேலை கிடைத்துவிடும். கதை அங்கேயே படுத்துவிட்டது.

அப்புறம்தான் நிஜத்தைப் படிக்க உட்கார்ந்தேன். 2021 சட்டமன்றத் தேர்தலில் திமுகவுக்கு பிரசாந்த் கிஷோரின் வியூக நிறுவனமான ஐபேக், அதிமுக பக்கம் இன்னொரு வியூகக்காரர் சுனில் கனுகோலு. இருவருமே 2014இல் மோடியின் பிரசாரத்துக்கு வேலை பார்த்தவர்கள். இதைப் படித்த ராத்திரியே என் கற்பனை ஆட்கள் இருவரையும் பழைய கூட்டாளிகளாக மாற்றினேன். எக்செல் ஷீட்டில் பூத்துகளுக்கு அவன் நிறம் கொடுக்கும் விதம் அவள் சொல்லிக்கொடுத்தது, அதனால் பணப்பட்டுவாடாப் பட்டியல் ஒன்று கசிந்து வந்ததும் அது அவன் போட்டதுதான் என்று யாரும் சொல்லாமலே அவளுக்குத் தெரிந்துவிடுகிறது. அதில் இருக்கும் பூத் ஆட்களில் பாதிப் பேர் ஒரு காலத்தில் அவளே வீடு வீடாகப் போய்ச் சேர்த்தவர்கள், பறக்கும் படையிடம் கொடுத்தால் வழக்கு அவர்கள் மேல்தான் விழும். ஆசிரியர் கேட்டதற்குப் பதில் கிடைத்துவிட்டது.

பணம் பிடிபட்டால் தேர்தலே நிற்கும் என்பதற்கு வேலூரைப் பாருங்கள். 2019 ஏப்ரல் 18இல் நடக்கவேண்டிய மக்களவைத் தேர்தல் ரத்தாகி ஆகஸ்ட் 5இல்தான் நடந்தது.

விதிமுறைகளைக் கட்டாயம் படியுங்கள், த்ரில்லருக்கான கடிகாரம் அங்கேதான் இருக்கிறது. வாக்குப்பதிவு முடியும் நேரத்துக்கு 48 மணி நேரம் முன்பே பிரசாரம் நின்றுவிடும், அந்தத் தொகுதியில் ஓட்டு இல்லாத வெளியூர்க் கட்சிக்காரர்கள் கிளம்பிவிட வேண்டும். என் இரண்டு பேருக்குமே அங்கே ஓட்டு இல்லை! தங்கினால் ஒளிந்துதான் தங்க வேண்டும்.

பூத் ஏஜென்டாகப் பல தேர்தல் உட்கார்ந்த பக்கத்து வீட்டுப் பெரியவரிடமும் பேசினேன். காலை 7 மணிக்கு வாக்குப்பதிவு என்றால் 5:30க்கே இயந்திரத்தைச் சோதிக்க மாதிரி வாக்குப்பதிவு, குறைந்தது 50 ஓட்டு, அதை அழித்துவிட்டு இயந்திரத்தில் பச்சைத் தாள் சீல், அதில் எல்லாக் கட்சி ஏஜென்ட்டும் கையெழுத்துப் போடலாம். "சண்டையெல்லாம் வெளிய தாயி, உள்ள அவன் கொண்டாந்த தண்ணியத்தான் நான் குடிப்பேன்" என்றார். அதை அப்படியே ஒரு சீனாக வைத்தேன்.

கதை சொல்லும் நாளில் பின்னணியிலேயே பாதி நேரத்தைக் கரைத்துவிட்டேன், கிளைமாக்ஸை ஓடி ஓடிச் சொல்ல வேண்டியதாயிற்று. நீங்கள் முதல் வரியிலேயே அந்தப் பட்டியலை அவள் கையில் கொடுத்துவிடுங்கள், 2014 கதையெல்லாம் ஆசிரியர் கேட்டால் சொல்லிக்கொள்ளலாம்.