தோசைக் கடைக்கு முன்னால் ஒரு சாத்திய கதவு

மலேசியாவில், பினாங்குத் தீவின் ஆயர் ஈத்தாமில் ஒரு கோப்பிக்கடைக்குள் ஒட்டுக்கடை போட்டு மூன்று மாதம் ஆகிறது. தோசை, இட்லி, இரண்டு சட்னி. அதற்கு முன் நான்கு வருடம் வீட்டிலிருந்தே ஆர்டர் எடுத்துச் செய்தேன். "முறையா கடை போடுங்க அண்ணி" என்று நாத்தனார் சொல்லும்போதெல்லாம் என் பதில் தயாராக இருக்கும். வீட்டுக்காரருக்குப் பக்கவாதம், எனக்கு மலாய் ஃபாரம் நிரப்ப வராது, கையில் காசில்லை. எதுவும் பொய்யில்லை. ஆனால் ஒரு கவுண்டருக்காவது போய்ப் பார்த்துவிட்டுச் சொன்னதில்லை.

எஸ்எஸ்எம் என்கிற நிறுவன ஆணையத்தில் வியாபாரத்தைப் பதிவதைத்தான் மலையாக நினைத்திருந்தேன். அரை நாளில் முடிந்தது. சொந்தப் பெயரில் பதிந்தால் வருடத்துக்கு 30 வெள்ளி (ரிங்கிட்), கடைக்கென்று பெயர் வைத்தால் 60. தோசைக்குப் பெயர் எதற்கு என்று 30 கட்டிவிட்டு வந்தேன்.

படுத்தி எடுத்தவை மற்ற இரண்டும்தான். 2009 உணவுத் தூய்மை விதிமுறைப்படி டைபாய்டு ஊசி போட்டிருக்க வேண்டும், உணவு கையாளுவோர் பயிற்சிக்கும் போயிருக்க வேண்டும். ஊசிக்கு முதலில் ஒரு கிளினிக்குக்குப் போன் செய்து கேட்டுவிட்டுத்தான் போனேன். போனால் மருந்து இல்லை. "இருக்கு, வாங்க" என்று சொன்னது யாரென்று அங்கே ஒருவருக்கும் தெரியவில்லை. இரண்டாவது இடத்திலும் இல்லை. தெரிந்த கடைக்காரர் ஒருவர், ஊசியே வேண்டாம், அட்டை மட்டும் வாங்கித் தருகிறேன் என்றார். ஒரு நிமிடம் சபலப்பட்டேன். காலையில் என் இட்லியைத் தின்பதில் பாதி பள்ளிப் பிள்ளைகள், மனம் வரவில்லை. மூன்றாவது கிளினிக்கில் போட்டுக்கொண்டேன். மூன்று வருடம் செல்லும். போகும் முன் கேட்கிறவர்கள், பதில் சொன்னவர் பெயரையும் கேட்டு எழுதி வையுங்கள்.

பயிற்சி கடலுக்கு அக்கரையில் பட்டர்வொர்த்தில், காலை எட்டரைக்கு. கட்டணம் 50 வெள்ளி, முன்பணமாகவே கட்டியாகிவிட்டது. வீட்டுக்காரரைக் குளிப்பாட்டி, கஞ்சி ஊட்டி, பஸ் பிடித்துப் படகுத்துறைக்கு ஓடினால், ஃபெர்ரி என் கண்ணெதிரே நகர்கிறது. போய்ச் சேர்ந்தபோது 15 நிமிடம் தாமதம். கதவு சாத்தியாகிவிட்டது. மேசையில் இருந்த பெண்ணிடம் எனக்குத் தெரிந்த மலாயில் வீட்டு நிலைமையைச் சொன்னேன். நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. "எல்லாருக்கும் ஏதாவது ஒரு காரணம் இருக்கு, காக்" என்றாள். காக் என்றால் அக்கா. பணமும் திரும்பாதாம், அடுத்த வகுப்பு இரண்டு வாரம் கழித்தாம்.

முதல் நாள் இரவுதான் வீட்டுப்பாடம் முடிக்காத மகனிடம் நான் இதையே சொல்லியிருந்தேன், வார்த்தை மாறாமல். திரும்பும் ஃபெர்ரி முழுக்க அவளைத்தான் திட்டிக்கொண்டு வந்தேன். இன்றைக்கும் சொல்வேன், 15 நிமிடத்துக்கு 50 வெள்ளி அநியாயம்.

மறுமுறை முந்தின இரவே அக்கரைக்குப் போய், பிறை என்ற ஊரில் நாத்தனார் வீட்டில் போய்ப் படுத்துக்கொண்டேன். அப்பாவை மகன் பார்த்துக்கொண்டான். கஞ்சி கொஞ்சம் அடிபிடித்ததாம், குடித்துவிட்டாராம். ஏழே முக்காலுக்கு அந்தக் கதவுக்கு முன்னால் நான்தான் முதல் ஆள். அந்தப் பெண் வந்து பூட்டைத் திறந்தாள். என்னை அடையாளம் தெரிந்ததாகக் காட்டிக்கொள்ளவில்லை, நானும் விட்டுவிட்டேன்.

வகுப்பு முழுக்க மலாய்தான், மூன்று மணி நேரம். பயந்த அளவுக்கு இல்லை. 5 டிகிரிக்கும் 60 டிகிரிக்கும் நடுவில்தான் கிருமி வேகமாகப் பெருகும், சமைத்ததை அந்தச் சூட்டில் வெகுநேரம் வைக்காதீர்கள் என்றார் பயிற்றுநர். தேங்காய்ச் சட்னி எப்போது கெடும் என்று இருபது வருடமாக என் மூக்குக்குத் தெரியும். அதற்கு எண் உண்டு என்பது அன்றுதான் தெரிந்தது. அவர் கேள்வி கேட்டபோது முதலில் தூக்கிய கை என்னுடையது.

சான்றிதழையும் ஊசி அட்டையையும் கல்லாவுக்குப் பின்னால் மாட்டியிருக்கிறேன். அட்டை முடியும் தேதியை மகன் சிவப்பு மையில் பெரிதாக எழுதி ஒட்டிவிட்டான். பத்து மணிக்கு மேல் மீந்த தேங்காய்ச் சட்னியைக் கொட்டிவிடுகிறேன். கோப்பிக்கடை முதலாளி தவுக்கேக்குத்தான் அதில் ஏக வருத்தம்.